சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுகிறவர்கள்

"ட்ரையத்லானுக்குப் போறவங்க எல்லாம் ஓட்டத்துல தேறாதவங்கதான் தம்பி." எங்கள் ஓட்டக் குழுவில் இந்தப் பேச்சு எப்போதும் உண்டு. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மாரத்தானில் ஊறியவர்கள், ஒரே காரியத்தை வருஷக்கணக்கில் விடாமல் செய்து தேர்ந்தவர்கள், அவர்கள் கண்ணுக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பந்தயத்தில் கலந்துகட்டிச் செய்கிற ஆள் எதிலும் முழுசாக இல்லாதவராகத்தான் தெரிவார். ஆனால் இதைத் தொழிலாகவே செய்கிறவர்களின் பந்தயங்களைப் பல வருஷமாக விடாமல் பார்க்கிறவன் நான், ஈசிஆரில் சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கி ஓடிப் பழகுகிறவனும்கூட. இந்தப் பேச்சு தப்பு. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுவது ஒரு தனி வித்தை. நல்ல ஓட்டக்காரராக இருந்தால் மட்டும் அது வந்துவிடாது, அது கைவந்தவர்கள் எல்லோரும் தனி ஓட்டத்திலும் ஜெயித்துவிடுவார்கள் என்றும் இல்லை. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்த சிலர் இருக்கிறார்கள், அவர்கள் கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும்.

முதலில் ஒரு கணக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மோ ஃபாராவின் நேரம் 27 நிமிடம் 30 விநாடி. அதே ஒலிம்பிக்கில் ஹைட் பார்க்கில் நடந்த ஆண்கள் ட்ரையத்லானில் தங்கம் வென்ற அலிஸ்டர் பிரவுன்லீ, கடைசியாக ஓடிய 10 கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 7 விநாடி. கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 55 விநாடி. வித்தியாசம் ஒன்றரை நிமிடம் சொச்சம்தான். ஃபாரா ஓய்வெடுத்த காலோடு தடகளப் பாதையில் ஓடினார். பிரவுன்லீ அதற்கு முன்னால் செர்பென்டைன் ஏரியில் 1.5 கிலோமீட்டர் நீந்தி, 43 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு சாலையில் ஓடினார். அதிலும் கடைசிச் சில மீட்டரை நடந்துதான் கடந்தார், பின்னால் அவ்வளவு இடைவெளி இருந்தது. ஓட்டத்தில் தேறாத ஆள் செய்கிற காரியமா இது?

சரி, அந்த 43 கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலிம்பிக் வகைப் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகலாம், முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்குச் சுமை குறையும். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா கூட்டத்தோடு உருண்டு போவது போலத் தோன்றும். அப்படி இல்லை. நகரத்துக்குள் போடும் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கமான திருப்பங்கள் இருக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்துவிட்டு எழுந்து நின்று மிதித்து மறுபடி கூட்டத்தோடு சேர வேண்டும், கூட்டத்தின் பின்பகுதியில் இருப்பவருக்கு இது இன்னும் மோசம். ஒரு மணி நேரத்துக்குள் நூறு சிறு ஸ்பிரின்ட் அடித்தது மாதிரி கால் ஆகிவிடும். அலிஸ்டரும் அவர் தம்பியுமான பிரவுன்லீ சகோதரர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். நன்றாக ஓடுகிறவர்கள் எதிரணியில் இருந்தால், நீச்சலிலும் சைக்கிளிலும் வேகத்தை ஏற்றிவிட்டு, ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் காலைக் காலி செய்துவிடுவார்கள்.

நீச்சலில் பின்தங்கினால் முதலுக்கே மோசம். முதல் கூட்டத்தோடு தண்ணீரிலிருந்து வெளியே வராதவர் தனியாகவோ சிறு கூட்டத்தோடோ துரத்த வேண்டும். துரத்தித் துரத்தி இரண்டு நிமிடம் இழந்தபின் அவர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் தடகளத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டு ஓட்டத்தில் தொடங்குவதில்லை, நீச்சல் குளத்தில் தொடங்குகிறது.

அப்புறம் டி2. சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டத்துக்கு மாறும் இடம். நேரலையில் இதைக் காட்டும்போது பலர் டீ போடப் போய்விடுவார்கள், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். இறங்க வேண்டிய கோட்டுக்கு முன்னாலேயே காலை ஷூவிலிருந்து உருவி, ஷூவின் மேலேயே பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டு வருவார்கள், ஷூ பெடலோடேயே தொங்கும். கோட்டுக்கு முன் வெறுங்காலோடு குதித்து, சீட்டைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, தன் எண் போட்ட இடத்தில் மாட்டி, அதன் பிறகுதான் ஹெல்மெட் வாரைக் கழற்றலாம். ஹெல்மெட்டைத் தன் பெட்டிக்குள் போட வேண்டும், வெளியே விழுந்தால் தண்டனை. சாக்ஸ் கிடையாது. கயிறு கட்டுகிற வேலை இல்லாமல் எலாஸ்டிக் போட்ட ஓட்ட ஷூவுக்குள் ஈரக் காலை நுழைத்து, அவ்வளவுதான், ஓடத் தொடங்கிவிட வேண்டும். எல்லாம் சேர்த்து அரை நிமிடத்துக்குள்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்த இடத்தில்தான் தங்கம் கைமாறியது. நியூசிலாந்தின் ஹேடன் வைல்டு, சைக்கிளை முழுதாக மாட்டுவதற்கு முன்னால் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டார் என்று 10 விநாடி தண்டனை. இங்கிலாந்தின் அலெக்ஸ் யீயும் அவரும் தோளோடு தோள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்டனைக்காக நின்றே ஆக வேண்டும், நின்றால் தங்கம் போச்சு என்று வைல்டுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி யீயிடம் கைகுலுக்கிவிட்டு ஒதுங்கினார். நின்றுவிட்டு வந்தும் வெள்ளி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கைகுலுக்கல் சலிப்பதில்லை.

இறங்கி ஓடும்போது உடம்பு என்ன செய்கிறது என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இதைப் பயிற்சியில் பிரிக் என்பார்கள், சைக்கிள் முடிந்த கையோடு ஓட்டம். விடியற்காலையில் கோவளம் தாண்டிப் போய்த் திரும்பி, நண்பரின் கார் மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கினால், முதல் கிலோமீட்டரில் தொடை நம்முடையதாகவே இருக்காது. இடுப்பின் முன்பக்கத் தசை அவ்வளவு நேரம் குறுகியே இருந்ததால் கால் பின்னால் நீளாது, குட்டைக் குட்டை அடியாக விழும், கீழ்முதுகு நிமிர மறுக்கும். இன்னொரு விசித்திரம், வேகம் தெரியாது. சைக்கிளில் மணிக்கு 35 கிலோமீட்டரில் வந்த கண்ணுக்கு ஓட்டம் ஊர்வது போலத் தோன்றும், வாட்சைப் பார்த்தால் ஓட வேண்டியதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருப்போம், அந்தக் கடன் பிறகு வட்டியோடு வந்து நிற்கும். தொழில்முறை வீரர்கள் இந்த முதல் கிலோமீட்டரைத்தான் வருஷக்கணக்காகப் பழகுகிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கனம் இருக்கிறது, அந்தக் கனத்தோடேயே நல்ல அடி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி க்வென் ஜார்கென்சன். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பெயர்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். கல்லூரியில் முதலில் நீச்சல் அணி, பிறகு ஓட்ட அணி. படித்து முடித்துக் கணக்காளர் ஆகி எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தில் வரி வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அமெரிக்க ட்ரையத்லான் அமைப்பு தேடிப் போய் அழைத்தது, நீச்சலும் ஓட்டமும் தெரிந்த ஒருவருக்குச் சைக்கிளைக் கற்றுக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கில். லண்டன் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகி 38ஆவது இடம். அப்புறம்தான் ஆட்டம் தொடங்கியது. 2014, 2015 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன், உலகத் தொடரில் ஒரு தோல்வி இல்லாமல் பத்துக்கும் மேற்பட்ட வெற்றிகள். 2014இல் எட்மன்டனில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி சைக்கிளிலிருந்து இறங்கியவர், ஓட்டத்தில் முன்னால் இருந்த ஒவ்வொருவரையும் தாண்டிப் போய் ஜெயித்தார். ஓடும்போது அவர் தோள் ஆடாது, தலை ஆடாது, அடி நீளமாக விழும். மற்றவர்கள் எல்லாரும் சைக்கிளிலிருந்து இறங்கியவர்களாகத் தெரியும்போது அவர் மட்டும் அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் போல ஓடுவார்.

2016 ரியோவில் அவரை எதிர்த்து நின்றவர் ஸ்விட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக். லண்டனில் ஸ்வீடனின் லிசா நோர்டேனும் இவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டு, படத்தைப் பார்த்துத்தான் தங்கம் யாருக்கு என்று முடிவானது. அந்தத் தங்கத்தோடு வந்தவர். ஜார்கென்சனை ஓட்டத்தில் வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் கோபகபானாவின் மேட்டுச் சாலையில் திரும்பத் திரும்ப வேகமெடுத்துத் தாக்கினார். ஜார்கென்சன் விடாமல் ஒட்டிக்கொண்டார். பழைய ஜார்கென்சனாக இருந்தால் அந்த மேட்டிலேயே கழன்றிருப்பார், நான்கு வருஷமாகச் சைக்கிளில் போட்ட உழைப்பு அங்கே கைகொடுத்தது. ஓட்டத்தில் இருவரும் ஒன்றாகப் போய், ஒரு கட்டத்தில் பேச்சும் நடந்தது, யார் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்குவது என்று. கடைசிச் சுற்றில் ஜார்கென்சன் பிரிந்து போனார். 1 மணி 56 நிமிடம் 16 விநாடி. 40 விநாடி வித்தியாசத்தில், ட்ரையத்லானில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள். அவர் அடுத்து மாரத்தான் என்றார். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் 2 மணி 41 நிமிடத்தில் ஓடி 14ஆவது இடம். 2017 ஆகஸ்டில் மகன் பிறந்தான். சில மாதத்தில், மாரத்தானில் ஒலிம்பிக் தங்கம் வெல்வதுதான் இனி இலக்கு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு, ட்ரையத்லானை விட்டு, ஓட்டக்காரர்களின் பயிற்சிக் குழுவில் போய்ச் சேர்ந்தார். 2018இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 55 விநாடியில் ஓடினார். சிகாகோ மாரத்தானில் 2 மணி 36 நிமிடம் 23 விநாடி, 11ஆவது இடம். அதன் பிறகு குதிகால் எலும்புக்கு அறுவைச் சிகிச்சை. மாரத்தான் ஒலிம்பிக் கனவு அங்கே முடிந்தது. சில வருஷம் கழித்து ட்ரையத்லானுக்கே திரும்பினார்.

இதை எடுத்துக்காட்டித்தான் எங்கள் குழுவில் சொல்வார்கள், பார்த்தாயா, உலகச் சாம்பியனே ஆனாலும் உண்மையான ஓட்டத்துக்கு வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்று. எனக்கு இந்த வாதம் கொஞ்சமும் ஏற்பில்லை. மாரத்தானில் உலகத்தரத்தில் இருப்பவர்கள் வாரத்துக்கு 180, 200 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ட்ரையத்லான் வீரர் ஓடுவது பெரும்பாலும் அதில் பாதி, மீதி உழைப்பு தண்ணீரிலும் சைக்கிளிலும் போகிறது, அந்த இரண்டிலும் காலுக்குத் தரையின் அடி விழுவதே இல்லை. இதயமும் நுரையீரலும் யாருக்கும் சளைத்ததாக இருக்காது, ஆனால் தசைநாரும் எலும்பும் அந்த அடியை வாங்கிப் பழக வருஷங்கள் ஆகும். அந்த உறுதியைப் பதினேழு பதினெட்டு வயதிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறவர்களோடு, 31 வயதில், குழந்தை பெற்ற உடம்போடு போட்டிக்குப் போனார் ஜார்கென்சன். நீச்சலால் தோளிலும் கையிலும் ஏறிய தசை வேறு, மாரத்தானில் அதைச் சும்மா 42 கிலோமீட்டர் சுமக்க வேண்டும். அவர் எடுத்த நேரம் மோசமான நேரமே இல்லை. இலக்கைப் பெரிதாகச் சொன்னதால் சின்னதாகத் தெரிகிறது. ஒலிம்பிக் தங்கம் கையில் இருக்கும்போது, அதை வைத்துக் காலம் தள்ள வழி இருக்கும்போது, எல்லார் முன்னாலும் அவ்வளவு பெரிய இலக்கைச் சொல்லிவிட்டு இறங்க எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் மனசு வரவில்லை.

அலெக்ஸ் யீயின் கதை வேறு மாதிரி. லண்டன் பையன், சிறு வயதிலிருந்தே தடகளமும் ட்ரையத்லானும் இரண்டும். 2017இல் இத்தாலியின் கால்யாரி நகரப் பந்தயத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து, விலா எலும்புகள் முறிந்து, முதுகெலும்பில் அடி, நுரையீரல் ஒன்று சுருங்கிவிட்டது. அடுத்த வருஷமே ஹைகேட்டில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 51 விநாடியில் ஓடி பிரிட்டிஷ் சாம்பியன். அந்த இடத்தில் அவர் ஓட்டத்தோடேயே போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ட்ரையத்லானில் இருந்தார், தன் பலவீனமான நீச்சலைச் செதுக்கினார். டோக்கியோவில் நார்வேயின் கிறிஸ்டியன் ப்ளும்மென்ஃபெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளி, ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு அணிப் போட்டியில் தங்கம்.

பாரிஸ் 2024 பந்தயத்தை எல்லோரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சேன் ஆற்றுத் தண்ணீர் சுத்தமில்லை என்று ஒரு நாள் தள்ளிப்போய், ஜூலை 31 அன்று நடந்தது. ஆற்றில் நீரோட்டம் பலமாக இழுத்தது, எதிர்த்து நீந்தும்போது சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டத்தில் அதே ஹேடன் வைல்டு முன்னால் போய்விட்டார், யீ பின்தங்கிவிட்டார், கடைசிச் சுற்றில்கூட இடைவெளி தெளிவாக இருந்தது, வர்ணனையாளர்கள் வைல்டைத் தங்கக்காரராகவே பேசத் தொடங்கிவிட்டார்கள். முடிவதற்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது யீ வந்து ஒட்டாமல் நேராகத் தாண்டிப் போனார். வித்தியாசம் 6 விநாடி. 10,000 மீட்டர் தடகள வேகத்தை உள்ளே பூட்டி வைத்திருந்து கடைசியில் எடுத்தார் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, நடுவில் தளர்ந்துபோன கிலோமீட்டர்களில் அவர் பதறாமல் தன் அடியிலேயே இருந்தது. அது தடகளத்தில் கற்றது இல்லை, களைத்த காலோடு ஓடிப் பழகியவருக்கு வருகிற பொறுமை.

அதற்கு அடுத்த வருஷம் மாரத்தானுக்கு வந்தார். 2025 ஏப்ரலில் லண்டன், முதல் மாரத்தான், 2 மணி 11 நிமிடம் 8 விநாடி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருஷத்துக்கும் மேலாக எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை. ட்ரையத்லான்காரர் ஒருவர் முதல் முயற்சியிலேயே அதற்குக் கீழே வந்துவிட்டார். டிசம்பரில் வாலென்சியாவில் 2 மணி 6 நிமிடம் 38 விநாடி, கிலோமீட்டருக்குக் கணக்காக 3 நிமிடம், 42 கிலோமீட்டரும். அன்றைக்கு பிரிட்டிஷ்காரர்களில் மோ ஃபாராவைத் தவிர வேறு யாரும் அதைவிட வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஜார்கென்சனுக்கு வராதது இவருக்கு எப்படி வந்தது என்றால், என் கணிப்பு இதுதான்: இவர் தடகளத்தை ஒருபோதும் முழுசாக விடவில்லை, காலுக்குத் தரையின் அடி பழகியே இருந்தது, வயதும் 27தான். திறமையில் ஜார்கென்சன் எந்த விதத்திலும் குறைந்தவர் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

எதிர்த் திசையிலிருந்து வந்தவர் பெத் பாட்டர். ஸ்காட்லாந்துக்காரர், இயற்பியல் ஆசிரியையாக இருந்தவர். ரியோவில் 10,000 மீட்டர் ஓடி 34ஆவது இடம். ஜார்கென்சன் தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக். அதற்குப் பின் 2017இல் ட்ரையத்லானுக்கு மாறினார். இங்கேதான் எங்கள் குழுவின் பேச்சுக்கு ஒரு பக்கம் பலம் கிடைப்பது போலத் தோன்றும், ஓட்டத்தில் 34ஆவது இடத்துக்காரர் வேறு பக்கம் போய்விட்டார் பாருங்கள் என்று. ஆனால் 2021 ஏப்ரலில், இங்கிலாந்தின் பாரோஃபோர்டில் நடந்த ஒரு சாலைப் பந்தயத்தில் 5 கிலோமீட்டரை 14 நிமிடம் 41 விநாடியில் ஓடி முடித்தார். அன்றைக்கு இருந்த உலகச் சாதனை 14 நிமிடம் 43 விநாடி. சில காரணங்களால் அது அதிகாரபூர்வச் சாதனையாகப் பதிவாகவில்லை, கடிகாரம் காட்டியது காட்டியதுதான். ஓட்டத்தை மட்டும் செய்தபோது ஓட முடியாத வேகத்தை, நீந்தியும் மிதித்தும் நாலு வருஷம் கழித்து ஓடினார். 2023இல் உலகச் சாம்பியன், பாரிஸில் வெண்கலம். காலுக்கு அடி விழாமல் இதயத்தை வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சாலைப் பந்தயம் என்றால் சைக்கிள் சாலைப் பந்தயமும் உண்டு, அங்கே போனவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் டெய்லர் நிப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ரையத்லானுக்கும், ஒவ்வொருவராகத் தனியே விட்டு நேரம் பார்க்கும் தனிநபர் நேரச் சோதனைச் சைக்கிளுக்கும் தகுதி பெற்றார். மழையில் நனைந்த சாலையில் அந்த நேரச் சோதனையில் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்தும் முடித்தே தீர்ந்தார். அந்தத் தகுதியோடு அவருக்குச் சாலைப் பந்தயத்திலும் ஓர் இடம் கிடைத்திருந்தது, தன் வேலை ட்ரையத்லான் என்று அதை விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் சேர்க்கப்பட்ட கிறிஸ்டன் ஃபாக்னர் போய்த் தங்கம் வென்றுவிட்டார். கலப்பு அணியில் நிப்புக்கு வெள்ளி.

நீண்ட தூரப் பந்தயத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது முடியாது. ஒன்று மட்டும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் முழு மாரத்தான். இந்தத் தூரத்தின் உலகச் சாம்பியன் பந்தயம் நடக்கும் ஹவாயின் கோனாவில் மார்க் ஆலன் 1989இல் டேவ் ஸ்காட்டை வென்ற நாளில் ஓடிய மாரத்தான் 2 மணி 40 நிமிடம் 4 விநாடி, அந்த ஓட்ட நேரத்தை 2016 வரை யாரும் முந்தவில்லை. 2022இல் நார்வேயின் குஸ்தாவ் ஈடன் 2 மணி 36 நிமிடம் 15 விநாடியில் ஓடினார். மேலே சொன்ன ஜார்கென்சனின் சிகாகோ நேரத்தைத் திரும்பப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே நேரம், எரிமலைக் கல் பரந்த வெயிலில், அஞ்சு மணி நேரம் வேலை செய்த உடம்போடு. ஆண், பெண் வித்தியாசம் இருக்கிறது, இருவரையும் ஒப்பிட இதைச் சொல்லவில்லை, அந்த ஓட்டத்தின் கனம் தெரியட்டும் என்றுதான்.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கோனாவில் ஜெயிப்பவருக்கு 1,25,000 டாலர், பாஸ்டன் மாரத்தானில் ஜெயிப்பவருக்கு 1,50,000. ஆனால் முதல் சில இடங்களுக்குக் கீழே தொகை மளமளவென்று இறங்கிவிடும். பயணம், சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றும் செலவு, பயிற்சியாளர், எல்லாம் கைப்பணம். ஸ்பான்சர் இல்லாதவர்கள் வேலை பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறார்கள். ஒரு காலத்தில் பாட்டர் செய்தது போலப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கல்லூரி மாணவி, 10 கிலோமீட்டர் நன்றாக ஓடுவாள், பள்ளியில் மாவட்ட அளவில் நீந்தியவள். போன மாதம் கேட்டாள், "அண்ணா, ரெண்டுல ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பிடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, எதை விடலாம்?" எதையும் விடாதே என்றேன். பாட்டர் சின்ன வயதில் நீந்தியவர் என்பதையும், அந்த நீச்சல் பிறகு எப்படிக் கைகொடுத்தது என்பதையும் சொன்னேன். ஓட்ட தூரத்தை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் குளத்துக்குப் போ, சைக்கிள் இன்னும் வாங்காதே, என் பழைய சைக்கிள் உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும், சீட்டை மட்டும் இறக்க வேண்டும். பருவமழை முடிந்ததும் ஈசிஆரில் வண்டி குறைவான நேரமாகப் பார்த்து, முதலில் திருப்பத்தில் கூட்டத்தோடு போகப் பழக்க வேண்டும், ஹெல்மெட் வாரை எப்போது கழற்றுவது என்பதையும்.